உஷார்! கடலுக்கும் நமக்கும் நடுவே இருப்பது ஒரு மணல் வரப்புதான்

எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கம் உங்களுக்கு வீடு இருக்கிறதா? மனை வாங்க அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்களா? அதெல்லாம் இல்லை, வட சென்னையில் வாடகைக்குத்தான் இருக்கிறீர்களா? யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு மேற்கொண்டு வேலையைப் பாருங்கள். வங்கக் கடலுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மணல் வரப்பு கிடக்கிறது. காட்டுப்பள்ளித் தீவு என்று பெயர். அதன் வடபாதி கரைந்துகொண்டிருக்கிறது. கரைவதைவிடப் பயமுறுத்தும் விஷயம், சும்மா கிடக்கும் புறம்போக்கு என்று நினைத்து அதன் மேலேயே அடுக்கடுக்காக நாம் கட்டிக்கொண்டு போவது.

தீவு என்றதும் படகேறிப் போகும் இடம் என்று எண்ண வேண்டாம். பாலத்தில் லாரி போகிறது, பஸ் போகிறது. அதனாலேயே அங்கே வேலைக்குப் போய்வருகிற பலருக்கும் தாங்கள் தீவில் நிற்கிறோம் என்று தெரியாது. கிழக்கே கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழிவெளியும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு முகத்துவாரம். இவற்றுக்கு நடுவே, கரைக்கு இணையாக, நீளமாகவும் ஒல்லியாகவும் படுத்திருக்கிறது இந்த மணல் நிலம். புவியியலார் இதைத் தடுப்புத் தீவு என்பார்கள். பழவேற்காடு முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் இதே வகையில் பெரியது ஒன்று இருக்கிறது. அது ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட் விடுவதால் உலகத்துக்கே தெரியும். தம்பியான காட்டுப்பள்ளியை அடுத்த தெருக்காரருக்கும் தெரியாது.

தடுப்புத் தீவை யாரும் கட்டவில்லை. ஏறிக்கொண்டே வந்த கடல் மட்டம் ஆறேழு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓரளவு நிலைத்தது. கொசஸ்தலையும் ஆரணியும் மற்ற ஆறுகளும் கொண்டுவந்து தள்ளிய மணலை அலை எடுத்துக் கரையோரமாக அடுக்கியது. காற்று அதை மேடாக்கியது. மேட்டில் ராவணன் மீசையும் அடப்பங்கொடியும் படர்ந்து மணலைப் பிடித்துக்கொண்டன. பின்னால் தாழையும் பனையும் வந்தன. மறுபுறம் கழிவெளிச் சேற்றில் அலையாத்தி வேர்விட்டது. இவ்வளவுதான் இதன் கட்டுமானம். சிமெண்ட் கிடையாது, கல் கிடையாது.

அந்த மணல் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைப்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. சோழமண்டலக் கரையில் மணல் நடந்துகொண்டே இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள் சென்னை மீனவர்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கே போகிறது, வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. வருஷக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். ஆகவே காட்டுப்பள்ளியின் கரைக்குத் தினசரி சாப்பாடு தெற்கிலிருந்து வர வேண்டும். வந்தால் கரை நிற்கும். வராவிட்டால் கடல் கரையையே தின்னும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லப்போவது எல்லாம் புரிந்துவிடும்.

சென்னைக்காரர்கள் இதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். 1876-ல் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் கொட்ட ஆரம்பித்தார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதைப் பிய்த்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கே குவிந்தது. நாம் சுண்டல் சாப்பிடும் மெரினா மணல்வெளியின் அகலம் அப்படி வந்ததுதான். துறைமுகத்தின் வாயிலையே மணல் அடைக்கப் பார்த்ததால், கிழக்கே இருந்த வாயிலை மூடி வடகிழக்கில் புதிதாகத் திறக்க நேர்ந்தது. மெரினாவுக்குக் கிடைத்தது யாருக்கோ கிடைக்காமல் போனது அல்லவா? அந்த யாரோ ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். அங்கே கடற்கரை என்று இன்று இருப்பது கருங்கல் குவியல். தெருக்கள் போயின, கோயில்கள் போயின, வலை உலர்த்திய மணல் போயிற்று. தென் சென்னையின் அழகு வட சென்னையின் செலவில் வந்தது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் அது உண்மை.

அந்தப் பாடத்தைப் படித்த பிறகாவது வடக்கே கைவைக்காமல் இருந்தோமா? எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே இதே தடுப்புத் தீவின் மேல் 1990-களில் வட சென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தார்கள். இப்போது அதற்குக் காமராஜர் பெயர். 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. அதை ஒட்டிக் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும். துறைமுகம் 2013-ல் தொடங்கியது, 2018-ல் அதானி நிறுவனத்தின் கைக்குப் போனது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துறைமுகங்கள், இரண்டுக்கும் கடலுக்குள் நீண்ட அலைதடுப்புச் சுவர்கள். தெற்கிலிருந்து வரும் மணல் முதல் சுவரில் மாட்டுகிறது. அதைத் தாண்டி வருவது அடுத்த சுவரில் மாட்டுகிறது. இரண்டையும் தாண்டி வடக்கே உள்ள காளாஞ்சிக்கும் கருங்காலிக்கும் கோரைக்குப்பத்துக்கும் என்ன மிஞ்சும்? காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையைக் கேளுங்கள். புயல் வரும்போதெல்லாம் கடல் அதன் மேல் ஏறி மணலைக் கொட்டிவிட்டுப் போகிறது. பொக்லைன் வந்து அள்ளுகிறது. அடுத்த புயலில் மறுபடி.

இன்னொரு பக்கத்திலும் பட்டினி. கடலில் மணல் மறிக்கப்படுகிறது சரி, ஆறு கொண்டுவருமே என்றால், கொசஸ்தலையின் குறுக்கே 1944-லேயே பூண்டி நீர்த்தேக்கம் வந்துவிட்டது. கீழே தடுப்பணைகள். இடையில் மணல் லாரிகள். ஆற்று மணல் கட்டடமாகி நகரத்தில் நிற்கிறது. கடலுக்கு வந்து சேர்வது சொற்பம்.

போகட்டும், ஒரு மணல் திட்டு போனால் என்ன என்று கேட்பவர்களுக்காக அது என்னென்ன வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும்.

அதன் பின்னால் இருப்பது பழவேற்காடு ஏரி. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். பார்வைக்குக் கடல் மாதிரி விரிந்தாலும் சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். அந்த ஆழமின்மையால்தான் பூநாரைகள் வந்து நிற்க முடிகிறது, இறால் குஞ்சு வளர முடிகிறது. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் முகத்துவாரம் வழியாக அளவாகக் கலக்கும் வரைதான் அது ஏரி. மணல் தீவு இரண்டு மூன்று இடத்தில் உடைந்து கடல் நேராக உள்ளே வந்தால் அது ஏரியாக இருக்காது, கடலின் ஒரு மூலையாகிவிடும். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு வழக்கம் அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. ஏரியின் எந்தப் பகுதியில் எந்த மீன் எப்போது வரும் என்ற கணக்கின் மேல் நிற்கும் ஏற்பாடு அது. வாயில் பறியைக் கவ்விக்கொண்டு சேற்றில் கை தடவி இறால் பிடிக்கும் இருளர்களின் பிழைப்பும் இந்தக் கழிவெளியின் ஆழமின்மையை நம்பித்தான். கடற்பக்க மணலில் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. கரை கல்லாகிவிட்டால் அது திரும்பிப் போக வேண்டியதுதான்.

குடிதண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. கடலை ஒட்டிய மணல்மேட்டில் பத்தடி தோண்டினால் இனிப்பான தண்ணீர் வருவது வெளியூர்க்காரர்களுக்கு அதிசயம். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்தபடி தங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் பழைய கணக்கு. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேட்டைச் சமன்செய்து, மேலே தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்பு நாற்பது மீட்டர் ஏறும். மீஞ்சூரில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்திருப்பது 1969-லேயே ஆய்வுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஆழ்குழாய்கள் ஓயவில்லை. உப்பு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. மிச்சம் இருக்கும் நல்ல தண்ணீருக்குக் காவல் இந்த மணல்மேடுகள்தான்.

வெள்ளக் கணக்கு வேறு. பூண்டியில் திறந்துவிடும் தண்ணீர் எங்கே போகிறது? கொசஸ்தலை வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு. 2015 டிசம்பரில் அடையாறு வெள்ளத்தை மட்டுமே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வடக்கே கொசஸ்தலையும் அதே மாதம் பொங்கியது. அந்த வெள்ளம் பரந்து படுத்துக் கடலுக்குள் இறங்கும் இடம் காட்டுப்பள்ளியின் முதுகுப் பக்கத்துக் கழிவெளி. அதை அனல்மின் நிலையச் சாம்பலாலும் மண்ணாலும் மேடாக்கினால் வெள்ளம் எந்தத் தெருவுக்குள் திரும்பும் என்று மணலிக்காரரைக் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெயும் கலந்து கழிமுகம் முழுக்கப் பரவியதைப் பார்த்தோமே.

இந்த அமைதியான தண்ணீருக்காகத்தான் ஐரோப்பியர்களே இங்கு வந்தார்கள். 1609-ல் வந்த டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைநகர் இதுதான். கப்பல் வெளிக்கடலில் நிற்கும், சரக்கு படகில் முகத்துவாரம் வழியாக வரும். துணி போயிற்று, வெடிமருந்து போயிற்று, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் போனார்கள். எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. போய்ப் பார்க்கலாம். ஆங்கிலேயர் காலத்தில் 1806 வாக்கில் காக்ரேன் என்பவர் வெட்டத் தொடங்கிய கால்வாய் பிற்பாடு பழவேற்காடு வரை நீண்டது. 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக மேலும் வெட்டி, பக்கிங்ஹாம் பெயரை வைத்தார்கள். கவனியுங்கள், டச்சுக்காரரோ ஆங்கிலேயரோ அந்த மணல் திட்டின் மேல் நகரம் எழுப்பவில்லை. அதன் பின்னால் ஒதுங்கினார்கள். அந்தப் புத்திகூட நமக்கு வரவில்லை.

இங்கே ஒரு நிமிஷம் டாவோஸுக்குப் போய்வர வேண்டும். கடலே இல்லாத சுவிட்சர்லாந்தில், 1,560 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர் அது. ஜனவரியில் உலகப் பொருளாதார மன்றம் கூடும்போது மட்டும் செய்தியில் வரும். இந்திய மாநிலங்கள் அங்கே கடை விரித்து முதலீடு தேடும். மன்றம் வெளியிடும் ஆபத்துப் பட்டியலில் அடுத்த பத்தாண்டுக்கு முதலிடம் கடும் வானிலைக்கு என்று 2024-லும் 2025-லும் வந்தது. அதைப் படித்துவிட்டு, வந்தவர்கள் தனி விமானத்தில் வீடு திரும்புவார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கூட்டம் இல்லை, அந்த ஊர்.

டாவோஸில் ஃபிரவுன்கிர்ஷ் என்ற பகுதியில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. மலையைப் பார்த்த அதன் பின்சுவர் கப்பல் முகப்புப் போலக் கூராக இருக்கும். பனிச்சரிவு வந்தால் இரண்டாகப் பிளந்து பக்கவாட்டில் போகட்டும் என்று கட்டியது. ஆபத்தை அறிந்து அதற்கு வளைந்துகொடுத்தவர்களின் ஊர். 1876-ல் சுவிட்சர்லாந்து மலைக் காடுகளை வெட்டக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் போட்டது. மேலே காடு இருந்தால்தான் கீழே ஊர் இருக்கும் என்பது அதன் சாரம். 1950-51 குளிர்காலத்தில் நாடு முழுவதும் பனிச்சரிவில் 98 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு ஆபத்து வரைபடங்கள் மளமளவென்று வந்தன. டாவோஸில் இருக்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம்தான் இதற்கெல்லாம் மூளை. கணக்கு கறாரானது. முன்னூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பனிச்சரிவு சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று டன் அழுத்தத்தோடு ஓர் இடத்தில் மோதும் என்றால் அங்கே சிவப்பு மை. முப்பது ஆண்டுக்குள் ஒருமுறை வருமானால் அழுத்தம் குறைவாக இருந்தாலும் சிவப்பு மை. சிவப்பில் புது வீடு கட்ட முடியாது. ஓட்டல் முதலாளியானாலும் சரி, வங்கி முதலாளியானாலும் சரி. உலகத்தின் விலை உயர்ந்த நிலங்களில் ஒன்று அது, இருந்தும் அந்தத் துண்டுகள் காலியாகவே கிடக்கின்றன. 1999-ல் மறுபடியும் கொடிய பனிச்சரிவுக் குளிர்காலம் வந்தபோது இறந்தவர்கள் 17 பேர்.

நம் ஊரிலும் சிவப்பு மை இருந்தது. அதைச் சொல்லத்தான் அங்கே போனது. 1991-ல் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை வந்தது. அதன்படி தமிழ்நாட்டின் கடலோரத் திட்ட வரைபடத்தை 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்டது. அதில் எண்ணூர்க் கழிமுகம், சுமார் 6,500 ஏக்கர், கைவைக்கக் கூடாத முதல் வகை. அடுத்த ஆண்டு தேதியிட்ட இன்னொரு வரைபடம் கிளம்பியது. அதில் கழிமுகமே காணோம்! ஆறு இருந்த இடத்தில் வெறும் தரை. அலுவலகங்கள் அதைக் காட்டித்தான் பதில் சொல்லிவந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கேட்டு 2017-ல் உண்மையான வரைபடத்தை மீனவர் உரிமைக்காரர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். பனிமலை ஊரில் சிவப்பு மை கட்டடத்தை நிறுத்துகிறது. நம் ஊரில் கட்டடம் சிவப்பு மையை அழிக்கிறது.

மை விஷயம் இன்னும் முடியவில்லை. கடல் அரிப்பு மிகுந்த கரையில் துறைமுகத் திட்டம் கூடாது என்று 2011 அறிவிக்கையும் சொல்கிறது, 2019 அறிவிக்கையும் சொல்கிறது. ஆகவே ஒரு கரைக்கு 'மிகுந்த அரிப்பு' என்று பெயர் வைப்பதா, 'குறைந்த அரிப்பு' என்று வைப்பதா என்பதில்தான் கோடிகள் அடங்கியிருக்கின்றன. 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆய்வு மையம் பார்த்தபோது தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம் அரிப்பில் இருந்தது. அதோடு 2019 அறிவிக்கை கரையை ஒட்டிய தீவுகளுக்கும் கழிவெளித் தீவுகளுக்கும் கட்டடம் கூடாத எல்லையை வெறும் 20 மீட்டராக வைத்தது. ஒரு புயல் இரவில் கடல் எடுத்துக்கொள்ளக்கூடிய தூரம் அது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். சுமார் 330 ஏக்கர் உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கராக்கும் திட்டம் ஒன்று சில ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் கையாளும் இடத்தை 320 மில்லியன் டன்னுக்குக் கொண்டுபோவது நோக்கம். செலவு 53,000 கோடி ரூபாய்க்கு மேல். இதில் சுமார் 2,000 ஏக்கர், கடலை மண் கொட்டி நிலமாக்குவது. மீதியில் பெரும்பகுதி தீவின் மணலும் கழிவெளியும். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்றார்கள், நடக்கவில்லை. 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. 2021 தேர்தல் சமயத்தில் இதை அனுமதிக்க மாட்டோம் என்று திமுக சொன்னது. தள்ளிப்போவதும் சொல்வதும் கைவிடுவது ஆகாது. முழுதாக வராவிட்டால் துண்டு துண்டாக வரும். இந்தப் பெயரில் வராவிட்டால் சரக்குக் கிடங்கு, தொழிற்பூங்கா, சாலை விரிவாக்கம் என்று வேறு பெயரில் வரும்.

வேலை கிடைக்குமே என்பார்கள். நியாயமான பேச்சுதான், படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மீனவப் பிள்ளைக்கு வேலை வேண்டும். ஆனால் முதல் சுற்றில் நிலத்தையும் கரையையும் கொடுத்த ஊர்க்காரர்கள், ஒப்பந்தக் கூலியாகவே வைத்திருக்கிறார்கள், நிரந்தரம் செய்யுங்கள் என்று வருஷக்கணக்கில் போராடியதைச் செய்தித்தாளில் நாமே படித்தோம். குவிந்த மணலை எடுத்து வடக்கே கொட்டிவிடுவோம், கரைக்கு ஒன்றும் ஆகாது என்பது இன்னொரு வாக்குறுதி. தொழில்நுட்பம் பொய் இல்லை, செய்தால் பலன் உண்டு. புதுச்சேரியைப் பாருங்கள். அங்கே 1980-களில் துறைமுகச் சுவர் கட்டும்போதே மணலைக் குழாய் வழியாக வடக்கே அனுப்பும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. சுவர் கச்சிதமாக நின்றது, மணல் அனுப்பும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. காந்தி சிலைக்கு முன்னால் இருந்த கடற்கரை போயிற்று. அதைக் காக்கக் கல் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் நகர்ந்து சின்னமுதலியார்சாவடி வரை போயிற்று. சுவர் ஒரு முறை கட்டினால் போதும். மணலை ஆண்டுதோறும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை நம் நாட்டில் எத்தனை ஆண்டு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தடுப்புத் தீவுகள் தோற்ற கதைகளைத் தேடி அலைய வேண்டாம். அமெரிக்காவில் ஓஷன் சிட்டி என்ற ஊரை ஒட்டி 1933 புயல் ஒரு வாய்க்காலை உடைத்தது. படகுக்கு வசதியாக இருக்கிறதே என்று அடுத்த இரண்டு ஆண்டில் இருபுறமும் கல்சுவர் கட்டி அதை நிரந்தரமாக்கினார்கள். தெற்கே இருந்த அசட்டீக் தீவின் வடமுனைக்கு மணல் நின்றுபோய், அந்த முனை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நிலப்பக்கம் நகர்ந்துவிட்டது. டெக்சஸில் கால்வெஸ்டன் நகரம் தடுப்புத் தீவின் மேலேயே கட்டப்பட்டது. 1900 செப்டம்பர்ப் புயலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் செத்தார்கள். அமெரிக்க வரலாற்றில் அதிக உயிரைக் குடித்த இயற்கைப் பேரிடர் இன்றளவும் அதுதான். நம்மிடம் தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவுக்குப் பிறகு ரயிலும் இல்லை, ஊரும் இல்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. வான் தீவு பெருமளவு சுருங்கிவிட்டது. பவளப் பாறைகளை வெட்டி எடுத்து அலைக்கு வழிவிட்டது முக்கியக் காரணம். வான் தீவைக் காக்கக் கடலுக்கடியில் செயற்கைத் திட்டுகளை இறக்கினார்கள். போனபின் பிடிக்கும் வேலை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மணல் தீவு நகர்வது தப்பில்லை. புயலில் கடல் மேலே ஏறி மணலைப் பின்னால் தள்ளும், தீவு கொஞ்சம் மேற்கே குடிபோகும், முகத்துவாரம் ஒரு வருஷம் இங்கே திறக்கும், இன்னொரு வருஷம் அங்கே. பழவேற்காட்டு மீனவர்கள் வாய் அடைத்துக்கொண்டது, தூர்வாருங்கள் என்று கேட்பது இதனால்தான். இடம் விட்டால் தீவு தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். நகர முடியாதபடி அதன் முதுகில் சாலையையும் சுவரையும் கிடங்கையும் ஆணியடித்து வைத்தால் நின்ற இடத்திலேயே தேய்ந்து சாகும்.

உங்கள் பங்குக்கு என்ன செய்யலாம்? மீஞ்சூர், பொன்னேரி, அத்திப்பட்டு பக்கம் மனை பார்ப்பவர்கள் பட்டாவும் வில்லங்கச் சான்றும் போதும் என்று நம்பிவிடாதீர்கள். சர்வே எண் கடலோரத் திட்ட வரைபடத்தில் எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அந்த இடத்தில் தண்ணீர் எந்த மட்டம் நின்றது என்று புரோக்கரிடம் கேட்காமல் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உங்கள் குப்பத்துக்கு எதிரே கல் கொட்ட நிதி வந்தால் வடக்குக் குப்பம் என்ன ஆகும் என்று அதிகாரியைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: முகத்துவாரத்தில் அடிமணல் நாளுக்கு நாள் மாறும், அலை சட்டென்று தூக்கும். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். உயிர்காப்புச் சட்டை தராத படகில் ஏறாதீர்கள்.

எல்லாவற்றையும்விட, செய்தித்தாளின் உள்பக்கத்து அறிவிப்புகளைப் படியுங்கள். கருத்துக் கேட்பு தேவைப்படும் திட்டம் எதுவானாலும் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்பே உள்ளூர் மொழி நாளிதழில் அறிவிக்க வேண்டும் என்கிறது 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்தில் பேசலாம், போக முடியாதவர்கள் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அனுப்பலாம், அனுப்பியது பதிவாக வேண்டும். காட்டுப்பள்ளி, எண்ணூர், பழவேற்காடு என்ற பெயர் கண்ணில் பட்டால் அந்தத் தாளைக் கிழித்து வையுங்கள், சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், 1996 வரைபடத்தில் அந்த இடம் என்னவாக இருந்தது என்ற ஒரே கேள்வியை எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடைசித் தேதிக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள்.